டனாயியின் பெட்டி

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே சுவரில் ஒரு பெரிய படம் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. செம்பட்டைக் கூந்தல் விரிந்து கிடக்க, கண் மூடி, உதடு சற்றே பிரிந்த ஒரு பெண்ணின் முகம். படத்தின் ஓரத்தில் பொன் துளிகள் கொஞ்சம் தெரிந்தன. முழு ஓவியத்தில் முகத்தைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அச்சிட்டிருந்தார்கள். "எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறாள் பாருங்கள் டாக்டர், இவளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் மனதுக்கு இதமாக இருக்கிறது" என்றார் நண்பரின் மனைவி. நான் தலையாட்டிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நல்ல நாளில், நல்ல வீட்டில், அன்பாகப் பரிமாறும் ஒருவரிடம் என்ன சொல்வது? வீடு திரும்பும் வழியெல்லாம் சொல்லாமல் வந்தது உறுத்தியது. அந்தப் பெண்ணின் பெயர் டனாயி. 1907இல் வியன்னாவில் குஸ்டாவ் கிளிம்ட் வரைந்தது. அவள் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறாள். அவளை அடைத்தவன் பெற்ற தகப்பன்.

கிரேக்கப் புராணக் கதை, பலருக்கும் தெரிந்ததுதான். பேரன் கையால் சாவு என்று ஆர்கோஸ் நாட்டு மன்னன் அக்ரிசியஸுக்குக் குறி சொல்லப்படுகிறது. பேரனே பிறக்காமல் செய்ய மகளை வெண்கல அறையில் பூட்டுகிறான். கடவுளர்களின் தலைவன் ஜீயஸ் பொன்மழையாக இறங்கி அவளிடம் சேர்கிறான். பெர்சியஸ் பிறக்கிறான். மன்னன் மகளையும் பேரனையும் ஒரு மரப்பெட்டியில் வைத்துக் கடலில் விடுகிறான். செரிபோஸ் தீவில் டிக்டிஸ் என்ற மீனவன் அந்தப் பெட்டியைக் கரைசேர்க்கிறான். இவ்வளவு நீண்ட கதையில், ஓவியர்கள் நூற்றாண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்ப வரைந்தது ஒரே ஒரு கணத்தை. பொன் விழும் கணம், கட்டில், ஆடையில்லாத உடல். அதற்குப் பிறகு அவளுக்கு நடந்தது எதையும் அந்தக் கட்டில் காட்டுவதில்லை. என்னை இருபது ஆண்டுகளாக விடாத விஷயம் இதுதான்.

மாடியில் ரெம்பிராண்ட்

நான் மருத்துவம் படித்தது ரஷ்யாவில், பீட்டர்ஸ்பர்கில். அங்கே போன முதல் குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். விடுதி அறையில் அழாமல் இருக்க ஓர் இடம் தேவைப்பட்டது. அப்போது ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனால் கதகதப்பு, வெளிச்சம், உட்கார நாற்காலி. கலை ஆர்வத்தால் போனேன் என்று சொன்னால் பொய். ஆனால் வாரம் ஒருமுறை போய்ப் போய், டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் அறையில் ஒரு ஓவியத்தின் முன்னால் என் கால் தானாக நிற்கத் தொடங்கியது. கண்ணாடிக்குப் பின்னால், ஆளுயரத்துக்கும் பெரிதாக, டனாயி.

ரெம்பிராண்ட் அதை 1636இல் வரையத் தொடங்கி, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் கையில் எடுத்துத் திருத்தினார். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தவர்கள் முகமும் வலக்கையும் மாற்றப்பட்டிருப்பதைக் கண்டார்கள். முதலில் இருந்த முகம் மனைவி சாஸ்கியாவின் சாயல். சாஸ்கியா 1642இல் இறந்துபோனார். மேலே வந்த முகத்தில், பிள்ளையைக் கவனித்துக்கொள்ள வீட்டுக்கு வந்த கேர்ட்யே டிர்க்ஸின் சாயலைப் பலர் காண்கிறார்கள். ஓவியத்தில் பொற்காசு ஒன்றுகூடக் கிடையாது. திரைக்கு அப்பாலிருந்து ஒரு வெளிச்சம் வருகிறது, அவ்வளவுதான். அவள் ஒரு கையை ஊன்றி எழுந்து, மறு கையை அந்த வெளிச்சத்தை நோக்கி உயர்த்துகிறாள். வயிறு உண்மையான பெண்ணின் வயிறு, மடிப்போடு. கட்டிலருகே கழற்றிப்போட்ட செருப்பு. திரையை விலக்கிக் கிழவி ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள், அவள் கையில் சாவிக்கொத்து. கட்டிலின் தலைமாட்டில் பொன்முலாம் பூசிய சிறகுள்ள குழந்தையின் சிலை. அதன் இரண்டு கைகளும் கட்டப்பட்டிருக்கின்றன, முகம் அழுகிறது. சிறை என்பதை ரெம்பிராண்ட் மறக்கவில்லை என்று அந்தக் கட்டிய கைகளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

1985 ஜூன் 15ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, பார்வையாளனாக வந்த ஒருவன் இதன்மேல் கந்தக அமிலத்தை வீசி, கத்தியால் இருமுறை குத்தினான். மனநிலை பிறழ்ந்தவன் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. கால் பங்குக்கும் மேல் அழிந்துபோனது, அதுவும் ஓவியத்தின் நடுப்பகுதியில். அமிலம் வண்ணத்தைக் கரைத்துக்கொண்டு வழிந்ததைப் பழைய புகைப்படங்களில் பார்த்திருக்கிறேன். பழுப்பும் கறுப்புமாகக் கோடுகள் மேலிருந்து கீழே இறங்கியிருக்கும். அன்று அங்கே இருந்தவர்கள் வேதியியல் அறிந்தவர்களைக் கேட்டுக்கொண்டு, ஓவியத்தை நிமிர்த்தியே வைத்து நீரால் கழுவினார்கள். அறுவைச் சிகிச்சை வகுப்பில் அமிலக் காயத்துக்கு எங்களுக்குச் சொல்லித்தந்ததும் அதேதான்: முதலில் தண்ணீர், நிறையத் தண்ணீர், நேரம் கடத்தாதே. அதைப் படித்த மறுவாரம் அந்த ஓவியத்தின் முன் போய் நின்றபோது எனக்கு அது வெறும் ஓவியமாகத் தெரியவில்லை. சீரமைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1997இல் மீண்டும் பார்வைக்கு வைத்தார்கள். இழந்த இடங்களை ரெம்பிராண்ட் போலவே வரைந்து நிரப்பும் ஆசையை அவர்கள் அடக்கிக்கொண்டார்கள். மிஞ்சியதைக் காப்பாற்றி, போனதைப் போனதாகவே மென்மையாக மூடியிருக்கிறார்கள். வயிற்றிலும் தொடையிலும் வண்ணம் இன்று மங்கலாகத்தான் இருக்கிறது. வடு ஆறிய தோலைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த மங்கல் என்னவென்று தெரியும்.

இந்த ஓவியத்தை நான் நேசிக்கிறேன். இன்றும். அதனால்தான் அடுத்து நடந்தது என்னை அவ்வளவு அசைத்தது.

கீழ்த்தளத்தில் ஒரு மண்கலம்

மூன்றாம் ஆண்டில் ஒருநாள் மாடிக்குப் போகாமல் கீழ்த்தளத்தில் சுற்றினேன். கிரேக்க, ரோமானியச் சிலைகளும் பானைகளும் இருக்கும் பகுதி அது. மூன்று மீட்டருக்கும் மேல் உயரமான ஜூபிடர் சிலை (ஜீயஸுக்கு ரோமானியர் வைத்த பெயர் ஜூபிடர்) அங்கே பொன்னிறப் போர்வையோடு உட்கார்ந்திருக்கிறது. கூட்டமெல்லாம் அதைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். கலங்கள் இருக்கும் கூடத்தில் அன்று நானும் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவல்பாட்டியும்தான். ஹெர்மிடாஜில் ஒவ்வோர் அறையிலும் இப்படி ஒரு பாட்டி இருப்பார், தோளில் கம்பளிச் சால்வையோடு. கண்ணாடிப் பேழைக்குள் மது கலக்கும் பெரிய மண்கலம் ஒன்று. கறுப்புப் பின்னணியில் செந்நிற உருவங்கள். கட்டிலின்மேல் ஒரு பெண் உட்கார்ந்து தலைப்பட்டியைச் சரிசெய்துகொண்டே அண்ணாந்து பார்க்கிறாள். மேலிருந்து துளித்துளியாக ஏதோ அவள் மடியில் இறங்குகிறது. உடுத்தியிருக்கிறாள். டனாயி என்று எழுதியிருந்ததும் எனக்குப் பழைய தோழியைக் கண்டதுபோல இருந்தது. டிரிப்டோலெமஸ் ஓவியன் என்று இன்று அறிஞர்கள் அழைக்கும் ஏதென்ஸ் கலைஞன், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டியது. அந்தக் கைவேலையின் அழகில் வெகுநேரம் நின்றுவிட்டு, நகரப் போனேன்.

"பின்பக்கம் பார்க்காமல் போகிறாயே, மகளே" என்றார் பாட்டி, நாற்காலியைவிட்டு எழாமலேயே. "எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்."

சுற்றிப் போனேன். அதே கலம், அதே கை, அதே பெண். ஆனால் இப்போது அவள் ஒரு பெட்டியில் நிற்கிறாள், குழந்தையோடு. செங்கோல் பிடித்த தகப்பன் எதிரே நிற்கிறான். பெட்டிக்கு அருகே ஒருவன் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறான். அவன் கையிலிருந்த கருவியைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றது. என் தாத்தா ஆசாரி. என் சின்ன வயதில் அவர் இதே துரப்பணத்தைத்தான் வைத்திருந்தார். தண்டைச் சுற்றி நாண், நாணைப் பிடித்த வில். ஒரு கை தண்டின் தலையை அழுத்திக்கொள்ள, மறு கை வில்லை முன்னும் பின்னும் இழுக்கும், மரத்தூள் சுருள் சுருளாக வெளியே வரும். தாத்தா அதை இழுக்கும்போது உதட்டை உள்ளே மடித்துக்கொள்வார். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. துளை நேராக விழ வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அந்த நேரத்தில் அவருக்கு உலகத்தில் இருக்காது. மண்கலத்து ஆசாரியின் குனிந்த முதுகிலும் அதே கவனம். நல்ல வேலைக்காரன். பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் அவன் அடைப்பான், மூடி பிடிக்கும்படி ஆணிக்குத் துளை போடுவான். அது எதற்கான பெட்டி என்று அவனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவள் அவன் கண்ணெதிரே நிற்கிறாள்.

அன்று நான் மாடிக்குப் போகவே இல்லை. ரெம்பிராண்ட் மேலே அதே கட்டடத்தில் இருந்தார். டனாயியின் கதையை முழுதாகச் சொல்லியிருந்த கலம் கீழே இருந்தது. ஒருபக்கம் பொன், மறுபக்கம் பெட்டி. இரண்டும் ஒரே பானையில் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிய முடியாது. அந்தக் குயவனுக்கும் ஓவியனுக்கும் இது தெரிந்திருந்தது. விருந்தில் மது கலக்க வைக்கிற பாத்திரம் அது. நடுவில் வைத்தால் ஒருபக்கம் உட்கார்ந்தவர்கள் பொன்மழையைப் பார்ப்பார்கள், மறுபக்கம் உட்கார்ந்தவர்கள் பெட்டியைப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ஏறக்குறைய அதே காலத்து நீர்க்குடம் ஒன்றிலும் அந்த ஆசாரி துரப்பணத்தோடு இருக்கிறான். அந்தக் கதையில் எதைத் தீட்ட வேண்டும் என்று யோசித்த அக்கால ஏதென்ஸ்காரர்களுக்கு அவன் முக்கியமானவனாக இருந்திருக்கிறான். பிற்கால ஓவியங்களில் நான் அவனைத் தேடி அலுத்துப்போனேன்.

யாருக்காக வரைந்தார்கள்

பெட்டி ஏன் காணாமல் போனது? எனக்குத் தெரிந்த விடை எளியது. படத்தை வாங்கியவர்கள் பெட்டியைக் கேட்கவில்லை. இத்தாலிய ஓவியர் டிஷியன் 1544-45இல் முதல் டனாயியைத் தீட்டியது கர்தினால் அலெசாந்ரோ ஃபர்னீஸுக்காக. அது இப்போது நேப்பிள்ஸில் கப்போதிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெனிஸிலிருந்த போப்பின் தூதர் ஜியோவான்னி தெல்லா காசா, ஓவியம் வளர்ந்துகொண்டிருந்தபோதே கர்தினாலுக்குக் கடிதம் எழுதினார். டிஷியன் முன்பு வரைந்த உர்பினோ வீனஸ் இதன் பக்கத்தில் ஒரு கன்னியாஸ்திரியைப் போலத் தெரியும் என்று புகழ்ந்திருந்தார். கர்தினாலுக்குப் பழக்கமான ஒரு பெண்ணின் முகத்தை டனாயிக்கு வைக்கலாமா என்ற பேச்சும் அதில் வருகிறது. சில ஆண்டுகளில் டிஷியன் ஸ்பெயின் இளவரசர் பிலிப்புக்கு இன்னொன்று தீட்டினார். அதில் ஒரு கிழவி சேர்ந்துகொண்டாள். விழும் காசுகளை அவள் மடித்துணியை விரித்துப் பிடிக்கிறாள். அந்த வகையில் ஒன்று ஹெர்மிடாஜிலேயே இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். காசு வந்துவிட்ட பிறகு அந்த அறை சிறை என்பதே மறந்துபோகிறது. வேறு ஏதோ ஒன்றாகிவிடுகிறது. காவலர்களுக்குக் கொடுத்த லஞ்சம்தான் அந்தப் பொன் என்று ரோமானியக் கவிஞர் ஹோரஸ் முன்பே எழுதிவைத்திருந்தார். விலை போனவள் என்ற சொல்லை அவள்மேல் ஏற்ற அதற்குமேல் என்ன வேண்டும்?

இதற்கு நேர் எதிராக, அவளை இயேசுவின் தாய் மேரியின் முன்னோடியாகப் பார்த்தவர்களும் உண்டு. பொன்மழையால் டனாயி கருவுற்றாள் என்று நம்பலாம் என்றால், பரிசுத்த ஆவியால் கன்னி கருவுறுவதை ஏன் நம்பக் கூடாது என்று இடைக்காலத் துறவி ஒருவர் வாதாடினார். 1527இல் யான் ஹோசார்ட் வரைந்து இன்று மியூனிக்கில் இருக்கும் டனாயி நீல ஆடை உடுத்தி, வட்டமான தூண் மண்டபத்தில் அண்ணாந்து உட்கார்ந்திருக்கிறாள். நீலம் மேரியின் நிறம். விலைமகள் அல்லது கன்னித்தாய், இரண்டில் ஒன்றை அவளுக்குக் கொடுத்தார்கள். கையில் பிள்ளையோடு, தகப்பனால் விரட்டப்பட்ட சாதாரணத் தாயாக இருக்க அவளை விடவில்லை.

படம்தானே, யாரை என்ன செய்யும் என்று கேட்பவர்கள் டெரன்ஸின் நாடகத்தைப் படிக்க வேண்டும். கி.மு. 161இல் ரோமில் அரங்கேறியது. அதில் ஓர் இளைஞன் அலியாக வேடமிட்டு ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். அங்கே ஓர் அறையில் டனாயியும் பொன்மழையும் தீட்டிய படம் இருக்கிறது. அதைப் பார்த்து, அவ்வளவு பெரிய கடவுளே செய்தபோது அற்ப மனிதன் நான் செய்யக் கூடாதா என்று சொல்லிக்கொள்கிறான். அந்த வீட்டுப் பெண்ணை வன்புணர்கிறான். பிறகு அதை நண்பனிடம் மகிழ்ச்சியோடு விவரிக்கிறான். ஐநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, கிறித்துவ இறையியலாளர் அகஸ்டின் தம் பள்ளிப் படிப்பை நினைத்து எழுதும்போது இந்தக் காட்சியைத்தான் எடுத்துக்காட்டி வருந்துகிறார். நான் அகஸ்டினோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறவள் அல்ல. இதில் அவர் பக்கம்.

ஒன்றிரண்டு விதிவிலக்குகள் மனதில் நிற்கின்றன. கிளாஸ்கோவில் இருக்கும் பர்ன்-ஜோன்ஸின் ஓவியத்தில், வெண்கலக் கோபுரம் இன்னும் கட்டி முடியவில்லை. வேலையாட்கள் கட்டுவதை டனாயி வெளியே நின்று பார்க்கிறாள். பொன்னும் இல்லை, கட்டிலும் இல்லை. தனக்காக எழும்பும் சுவரைப் பார்க்கும் ஒரு பெண். செயின்ட் லூயிஸில் ஆர்ட்டமீசியா ஜென்டிலெஸ்கியின் பெயரில் இருக்கும் சிறிய செப்புத்தகட்டு ஓவியத்தில், படுத்திருக்கும் டனாயியின் கை இறுக மூடியிருக்கிறது. உடல் தளர்ந்திருக்க, அந்தக் கை மட்டும் தளரவில்லை.

தூங்கு, கடலே தூங்கு

ஊர் திரும்பி, பிரசவ வார்டில் இரவுப்பணி பார்த்த ஆண்டுகளில்தான் சிமோனிடீஸின் பாடலைப் படித்தேன். கேயோஸ் தீவில் பிறந்த அந்தக் கவிஞர், ஹெர்மிடாஜ் கலம் தீட்டப்பட்ட காலத்தில் உயிரோடிருந்தவர். பாடல் முழுதாகக் கிடைக்கவில்லை. செய்யுளை உரைநடைபோல எழுதிவிட்டால் சந்தம் தெரியாமல் போகும் என்று காட்டுவதற்காக, ஹலிகார்னாசஸ் ஊர் டயோனீசியஸ் தம் இலக்கண நூலில் அதை எடுத்தெழுதியிருக்கிறார். அந்தத் தற்செயலால் நமக்கு மிஞ்சியது.

பெட்டிக்குள் இருட்டு. காற்றும் அலையும் மோதுகின்றன. அவள் கன்னம் நனைந்திருக்கிறது. பெர்சியஸைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டு பேசுகிறாள். எனக்கு எவ்வளவு துன்பம் பிள்ளாய், நீயோ தூங்குகிறாய் என்கிறாள். உன் தலைமுடிக்கு மேலே அலை போவதையும், காற்றின் இரைச்சலையும் நீ கண்டுகொள்ளவில்லை. இந்தப் பயங்கரம் உனக்குப் பயங்கரமாகப் பட்டிருந்தால், உன் சின்னக் காதை என் சொல்லுக்குக் கொடுத்திருப்பாய். பிறகு தாலாட்டு: பிள்ளை தூங்கட்டும், கடல் தூங்கட்டும், அளவில்லாத இந்தத் துயரமும் தூங்கட்டும்.

இதைப் படித்த இரவு என் வார்டில் பதினாறு தாய்மார்கள் இருந்தார்கள். இரவு இரண்டு மணிக்குப் போய் நின்றால் கேட்கும், பிறந்து ஒருநாள்கூட ஆகாத குழந்தையிடம் தாய் முணுமுணுப்பது. மாமியார் வந்து பார்க்கவில்லை என்பது, உன் அப்பன் இன்னும் வரவில்லை என்பது, கடன் வாங்கிய கணக்கு. குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். எழுந்துவிடுமோ என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்களே தவிர, சொல்வதை நிறுத்த மாட்டார்கள். புரியாத ஒருவரிடம்தான் அப்படியெல்லாம் சொல்ல முடியும் போலிருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண் கவிஞர் இதை எங்கே நின்று கேட்டார் என்று வியந்தேன்.

கிடைத்த பகுதி தாலாட்டோடு முடியவில்லை. கடைசியில் அவள் ஜீயஸை அழைக்கிறாள். குழந்தையின் தகப்பனை. டிஷியனிலும் கிளிம்ட்டிலும் பொன்னாக வந்து நிறைந்தவன் இந்தப் பெட்டிக்குள் இல்லை. தந்தை ஜீயஸே, உன்னிடமிருந்து ஏதாவது மாற்றம் வரட்டும் என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு உடனே, நான் துணிந்து கேட்டதில் முறையற்றது ஏதும் இருந்தால் என்னை மன்னித்துவிடு என்கிறாள்.

மன்னிப்புக் கேட்பவள் அவள். கீழ்த்தளத்தில் பொன்னிறப் போர்வையோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய சிலையை எத்தனையோ முறை கடந்துபோயிருக்கிறேன். இந்த வரியைப் படித்த பிறகு அதை நினைத்தாலே உடல் கூசுகிறது.

நண்பரின் மனைவியை நேற்று தொலைபேசியில் அழைத்தேன். படத்தைக் கழற்றச் சொல்லவில்லை, அது அவர்கள் வீடு. அந்தப் பெண்ணுக்கு ஒரு பிள்ளை பிறந்தது, அதன் பிறகு ஒரு பெட்டி வந்தது என்று மட்டும் சொன்னேன். மண்கலத்தின் மறுபக்கப் படத்தை அனுப்பியிருந்தேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்திருக்கிறாரே, அவர் யார்?" என்று கேட்டார்.